‘அருகிய’ என்றால் அருகில் வந்ததா?

சுங்கை வேயில் உள்ள ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கிள்ளான் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினால், கிள்ளானுக்கு முந்திய நிலையத்தின் பெயர் புக்கிட் பாடாக். மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்றால் குன்று. ‘பாடாக்’ என்றால் காண்டாமிருகம். பெயரில்தான் காண்டாமிருகம் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் சாலைகளுமே இருக்கின்றன. இந்தக் குன்றில் மட்டுமல்ல, மலேசியாவின் எந்தக் காட்டிலும் இன்று காண்டாமிருகம் இல்லை. நாட்டின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான ‘இமான்’ என்ற பெண் விலங்கு 2019 நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இறந்தது.

மாணவர்களே, இந்த விலங்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? ‘அழிந்துவரும் விலங்கு’ என்றா, ‘அழிந்துவிட்ட விலங்கு’ என்றா, ‘அருகிய விலங்கு’ என்றா?

நாளேடுகளிலும் மேடைப் பேச்சிலும் புலி, ஆமை, மின்மினி என எல்லாவற்றுக்கும் ‘அழிந்துவரும் உயிரினம்’ என்ற ஒரே தொடர்தான் பெரும்பாலும் வருகிறது. பேச்சுக்கு அது போதும். அறிவியலுக்குப் போதாது. உடம்பு கொதிக்கிறது என்று சொல்வது ஒன்று; வெப்பமானியை வைத்து 39.5 பாகை என்று படிப்பது வேறொன்று. இரண்டாவதைக் கேட்டால்தான் மருத்துவர் என்ன செய்வது என்று முடிவெடுப்பார். உயிரினங்களின் ஆபத்தைச் சொல்லும் சொற்களும் அப்படிப்பட்டவைதான். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் அளவு இருக்கிறது.

ஒரு சொல், இரண்டு பொருள்

ஆங்கிலத்தில் ‘எண்டேஞ்சர்ட்’ என்று சொல்லப்படும் நிலைக்குத் தமிழில் ‘அருகிய இனம்’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லை முதலில் பார்க்கும் மாணவர் பலர் தடுமாறுவது இயல்பு. ‘பள்ளிக்கு அருகில் ஒரு கடை இருக்கிறது’ என்ற வாக்கியத்தில் வரும் ‘அருகு’ பக்கத்து இடத்தைக் குறிக்கிறது. அப்படியானால் ‘அருகிவரும் புலி’ என்றால் நம் பக்கமாக வந்துகொண்டிருக்கும் புலியா?

இல்லை. தமிழில் ‘அருகுதல்’ என்ற வினைக்குக் கிட்டுதல் என்ற பொருளோடு குறைதல் என்ற பொருளும் உண்டு. ‘கோடையில் கிணற்று நீர் அருகிவிட்டது’ என்றால் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். பழைய சொல் ஒன்றைச் சிலர் மட்டுமே இன்னும் பயன்படுத்தினால், மொழி அறிஞர்கள் அதை ‘அருகிய வழக்கு’ என்பார்கள். அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. ஆனால் புழங்குவோர் குறைந்துவிட்டார்கள். உயிரினத்துக்கும் அதே பொருள்தான். ‘அருகிய இனம்’ என்றால் இன்னும் இருக்கிறது, ஆனால் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது அல்லது குறைந்துகொண்டிருக்கிறது. அருகிவரும் புலியைப் பற்றி அஞ்ச வேண்டியது நமக்காக அல்ல, புலிக்காக.

எழுத்திலும் கவனம் வேண்டும். இடையின ‘ரு’ போட்டு எழுதும் ‘அருகு’ குறைவதைச் சொல்லும். வல்லின ‘று’ போட்டால் அது ‘அறுகு’, அதாவது அறுகம்புல். ‘ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி’ வாழும்படி மணமக்களை வாழ்த்துவதைத் திருமண வீட்டில் கேட்டிருப்பீர்கள். அறுகு படர்ந்து பெருகும். அருகுவது குறைந்து தேயும். ஓர் எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

‘அழிந்துவரும்’ என்ற தொடரைவிட ‘அருகிய’ என்ற சொல் இங்கே பொருத்தமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ‘அழிந்துவரும்’ என்று கேட்டதும் முடிவு உறுதியாகிவிட்டது போலத் தோன்றும். ‘அருகிய’ என்பது எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. எண்ணிக்கை குறையலாம், கூடவும் செய்யலாம்.

ஆபத்தின் படிக்கட்டு

உயிரினங்களின் நிலையை உலக அளவில் மதிப்பிடும் அமைப்பு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். இது 1948இல் தொடங்கப்பட்டது. 1964 முதல் இது ‘சிவப்புப் பட்டியல்’ என்ற பெயரில் ஆபத்திலுள்ள இனங்களைத் தொகுத்து வருகிறது. தொடக்கத்தில் வல்லுநர்களின் பொதுவான கருத்தைக் கொண்டே இனங்கள் வகைப்படுத்தப்பட்டன. ஒருவருக்கு ஆபத்தாகத் தெரிவது இன்னொருவருக்கு அப்படித் தெரியாமல் போகலாம் அல்லவா? அதனால் 1994இல் எண்களால் அளக்கும் விதிமுறைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. பட்டியலில் உள்ள சொற்களுக்குத் துல்லியமான எடை வந்தது அப்போதிருந்துதான்.

பட்டியலில் மொத்தம் ஒன்பது பிரிவுகள் உள்ளன. தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் சற்று மாறும். இந்தக் கட்டுரையில் இப்படி வைத்துக்கொள்வோம்:

1. மதிப்பிடப்படாத இனம்: இன்னும் யாரும் ஆராய்ந்து பார்க்கவில்லை.
2. தரவு போதாத இனம்: ஆராய்ந்தார்கள், முடிவு சொல்லத் தகவல் போதவில்லை.
3. கவலை குறைந்த இனம்.
4. அச்சுறுத்தலை நெருங்கிய இனம்.
5. அழிவாய்ப்புள்ள இனம்.
6. அருகிய இனம்.
7. மிக அருகிய இனம்.
8. இயற்கை வாழிடத்தில் அற்றுவிட்ட இனம்: வளர்ப்பிடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.
9. அற்றுவிட்ட இனம்: கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் ஐயமே இல்லை.

இவற்றில் 5, 6, 7 ஆகிய மூன்று படிகளையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்கள்’. ஆகவே அருகிய இனம் ஒவ்வொன்றும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்தான். ஆனால் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் ஒவ்வொன்றும் அருகிய இனம் அல்ல. கணிதத்தில் கணமும் உட்கணமும் படித்திருப்பீர்கள். அதே கணக்குதான் இங்கேயும்.

இதுவரை 170,000க்கும் மேற்பட்ட இனங்கள் மதிப்பிடப்பட்டுள்ளன. அவற்றில் 48,000க்கும் மேற்பட்டவை இந்த மூன்று படிகளில் ஏதாவது ஒன்றில் நிற்கின்றன.

எப்படி அளக்கிறார்கள்?

ஓர் இனத்தை எந்தப் படியில் நிறுத்துவது என்று பார்க்க ஐந்து அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது? வாழும் பரப்பு சுருங்கித் துண்டுதுண்டாகிறதா? சிறிய எண்ணிக்கை மேலும் குறைகிறதா? எண்ணிக்கை மிகமிகச் சிறியதா? கணித முறையில் கணித்தால் அற்றுப்போகும் வாய்ப்பு எவ்வளவு? இவற்றில் ஒன்று பொருந்தினாலே போதும்.

முதல் அளவுகோலை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஆற்றில் ஒரு மீன் இனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒரு தலைமுறைக் காலம் 5 ஆண்டு. பட்டியலின் விதிப்படி 10 ஆண்டு, மூன்று தலைமுறை ஆகிய இரண்டில் எது நீண்டதோ அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். இந்த மீனுக்கு அது 15 ஆண்டு. 15 ஆண்டுக்கு முன் 10,000 மீன்கள் இருந்தன. குறைவதற்கான காரணம் இன்னும் நீங்கவில்லை.

இன்று 6,500 மீன்கள் இருந்தால் வீழ்ச்சி 35 விழுக்காடு. 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதால் அது அழிவாய்ப்புள்ள இனம். இன்று 4,800 இருந்தால் வீழ்ச்சி 52 விழுக்காடு. 50 விழுக்காட்டைத் தாண்டியதால் அருகிய இனம். இன்று 1,800தான் இருக்கின்றன என்றால் வீழ்ச்சி 82 விழுக்காடு. 80 விழுக்காட்டைத் தாண்டியதால் மிக அருகிய இனம்.

கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். 1,800 மீன்கள் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றாது. ஆனால் வீழ்ச்சியின் வேகம் அதை ஆபத்தின் உச்சிப் படிக்குக் கொண்டுபோய்விட்டது.

ஐந்தாவது அளவுகோல் நேரடியாக வாய்ப்பைப் பற்றியது. 20 ஆண்டுகளில் அல்லது ஐந்து தலைமுறைகளில் ஓர் இனம் அற்றுப்போகும் வாய்ப்பு குறைந்தது 20 விழுக்காடு என்று கணிக்கப்பட்டால் அது அருகிய இனம். மிக அருகிய இனத்துக்கு அந்த வாய்ப்பு 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் 50 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பது போன்ற நிலை அது.

பத்துமலைக் குரங்கின் புதிர்

இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விலங்குக்கு வருவோம். பத்துமலைப் படிகளில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நீண்டவால் குரங்கை யாருக்குத்தான் தெரியாது? மலாயில் இதைக் ‘கெரா’ என்பார்கள். படிகளில், கைப்பிடிச் சுவரில், கோபுரத்தின் மேல், எங்கே பார்த்தாலும் இதுதான்.

இந்தக் குரங்கு இனத்தைச் சிவப்புப் பட்டியல் 2022இல் ‘அருகிய இனம்’ என்று வகைப்படுத்தியது. 2008இல் இது ‘கவலை குறைந்த’ பிரிவில் இருந்தது. 2020இல் ‘அழிவாய்ப்புள்ள’ பிரிவுக்குப் போனது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் அருகிய இனமாகிவிட்டது.

கண்ணெதிரே நூறு குரங்குகள் குதிக்கும்போது இதை எப்படி நம்புவது? இங்கேதான் சொல்லின் பொருள் உதவுகிறது. ‘அருகிய’ என்பது இன்று எத்தனை இருக்கின்றன என்பதை மட்டும் சொல்வதில்லை. எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போகின்றன என்பதையும் சொல்கிறது. தென்கிழக்கு ஆசியா முழுவதும் காடு சுருங்குகிறது. இந்தக் குரங்குகள் மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்காகப் பிடிக்கப்படுகின்றன, உணவுக்காக வேட்டையாடப்படுகின்றன, தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் தொல்லை என்று கொல்லப்படுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, வரும் மூன்று தலைமுறைக் காலத்தில் எண்ணிக்கை பாதியாகக் குறையக்கூடும் என்று மதிப்பீட்டாளர்கள் கணித்தார்கள்.

மனிதர் உணவு கொடுக்கும் இடங்களில் குரங்குகள் கூடுகின்றன. கூட்டத்தை நாம் பார்க்கிறோம். காலியாகிப்போன காட்டை நாம் பார்ப்பதில்லை. பாசார் மாலாமில் நெரிசல் இருப்பதைப் பார்த்துவிட்டு ஊரில் மக்கள்தொகை பெருகிவிட்டது என்று யாரும் முடிவு கட்டமாட்டார்கள் அல்லவா?

அரியதும் அருகியதும்

‘அரிய’, ‘அருகிய’ என்ற இரண்டு சொற்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். ‘அரிய’ என்றால் எளிதில் காணக் கிடைக்காதது. அது ஒரு நிலை. ‘அருகிய’ என்பது ஒரு மாற்றத்தைச் சொல்கிறது: முன்பு கூடுதலாக இருந்தது, இப்போது குறைகிறது.

பத்துமலைச் சுண்ணாம்புக் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. 1923இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இதன் அறிவியல் பெயர் லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். இரண்டாம் சொல்லில் பத்துமலையின் பெயரே இருக்கிறது. இதன் வயிற்றுப் பகுதியில் பழங்காலச் சிலந்திகளுக்கு இருந்தது போன்ற வளையத் தகடுகள் உண்டு. பட்டு நூலால் கூடு கட்டி, அதற்குக் கதவும் வைத்து, வாசலில் இழைகளை விரித்து இரைக்காகக் காத்திருக்கும். மிகக் குறுகிய இடத்தில் வாழ்வதால் இது அரிய உயிரினம். ஆனால் குறுகிய இடத்தில் வாழ்கிறது என்பதற்காக மட்டும் ஓர் உயிரை அருகிய இனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த இடம் கெடுகிறதா, எண்ணிக்கை சரிகிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லைப் போடலாம்.

ஆக, பத்துமலைப் படியில் பழம் பிடுங்கும் குரங்கு அரியதல்ல, அருகியது. அதே மலையின் உள்ளே இருட்டில் இருக்கும் சிலந்தி அரியது. ஒரே குன்றில் இரண்டு சொற்களுக்கும் எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது.

எந்தக் கூட்டம், எந்த இடம்?

மலேசியப் புலி அருகிய இனமா, மிக அருகிய இனமா? இரண்டு விடையையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். இரண்டுமே சரிதான்.

உலகிலுள்ள எல்லாப் புலிகளையும் ஒரே இனமாக எடுத்துக்கொண்டால் அது அருகிய இனம். தீபகற்ப மலேசியாவில் வாழும் புலிகளை மட்டும் தனித் துணையினமாக எடுத்துக்கொண்டால் அது மிக அருகியது. 2015 முதல் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. 1950களில் இங்கே சுமார் 3,000 புலிகள் இருந்ததாக ஒரு பழைய மதிப்பீடு உண்டு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராக்களில் பதிந்த படங்களை வைத்து, கோடுகளை ஒப்பிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். மனிதருக்குக் கைரேகை எப்படியோ அப்படியே புலிக்கு அதன் கோடுகள். இரண்டு புலிகளுக்கு ஒரே மாதிரி அமைவதில்லை.

நாட்டின் சின்னத்தில் இரண்டு புலிகள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன. காட்டிலோ வேட்டையாடுவோர் வைக்கும் கம்பிக் கண்ணிகளும், மான் போன்ற இரைவிலங்குகளின் குறைவும், காட்டைத் துண்டாடும் சாலைகளும் புலியை அருகச் செய்கின்றன.

காண்டாமிருகத்துக்கு வருவோம். கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சுமத்ரா காண்டாமிருகம் உலக அளவில் இன்னும் மிக அருகிய இனம். இந்தோனேசியாவில் 50க்கும் குறைவாக எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மலேசியாவில் அது அற்றுவிட்டது. எனவே ‘அழிந்துவிட்ட விலங்கு’ என்று மொட்டையாக எழுதினால் தவறு. ‘மலேசியாவில் அற்றுவிட்ட விலங்கு’ என்று எழுதினால் சரி.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. இந்தக் காண்டாமிருகம் 1996இலேயே ‘மிக அருகிய’ பிரிவில் வைக்கப்பட்டது. நம் சிலாங்கூரின் சுங்கை டூசுனில் இதற்கென ஒரு பாதுகாப்பு மையமே இருந்தது. அங்கிருந்த காண்டாமிருகங்கள் 2003இல் நோயால் இறந்தன. 2019 மே மாதம் சபாவில் ‘தாம்’ என்ற கடைசி ஆண் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இமானும் இறந்தது. ‘மிக அருகிய’ என்ற எச்சரிக்கை வந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு நாடு அந்த விலங்கை இழந்தது. மலேசியப் புலி இன்று நிற்பது அதே படியில்தான்.

தெரியாது என்பதும் ஒரு விடை

நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு விலங்கு உண்டு: சிலாங்கூர் குட்டிப் பறக்கும் அணில். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். இரவில் மட்டும் நடமாடுவதால் இதைப் பார்த்தவர் மிகச் சிலர். சிவப்புப் பட்டியலில் இது ‘தரவு போதாத இனம்’.

இதைப் படித்ததும் ‘அப்பாடா, ஆபத்துப் பட்டியலில் இல்லை’ என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுப்பாடத்தை ஆசிரியர் இன்னும் திருத்தவில்லை என்றால் மாணவர் தேறிவிட்டார் என்று பொருளாகுமா? தரவு போதாத இனம் நலமாகவும் இருக்கலாம். யாரும் அறியாமல் அருகிக்கொண்டும் இருக்கலாம். யாராவது போய் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். உங்களில் ஒருவர்கூட நாளை அந்த வேலையைச் செய்யலாம்.

சட்டத்தின் சொற்கள் வேறு

‘பாதுகாக்கப்பட்ட விலங்கு’ என்ற தொடரையும் அடிக்கடி கேட்கிறோம். இது சிவப்புப் பட்டியலின் சொல் அல்ல, சட்டத்தின் சொல். தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் உள்ள 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை இரண்டு அட்டவணைகளில் வைக்கிறது. ‘பாதுகாக்கப்பட்ட’ விலங்குகள் ஓர் அட்டவணையிலும், ‘முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட’ விலங்குகள் இன்னோர் அட்டவணையிலும் இருக்கின்றன. புலி இரண்டாவதில் இருக்கிறது. நீண்டவால் குரங்கு முதலாவதில்.

சிவப்புப் பட்டியல் கேட்கும் கேள்வி: இது அற்றுப்போகும் வாய்ப்பு எவ்வளவு? சட்டம் கேட்கும் கேள்வி: இதை யார், எந்த அனுமதியுடன், என்ன செய்யலாம்? பட்டியலில் ஒரு விலங்கு படி ஏறினால் சட்டத்தில் அதன் இடம் தானாக மாறிவிடாது. அதை மாற்ற அரசு முடிவெடுக்க வேண்டும். ஆகவே ‘அருகிய’, ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்தக் கூடாது.

படியிறங்கவும் முடியும்

பல பத்தாண்டுகளாக அருகிய இனமாக இருந்த பச்சை ஆமை 2025 அக்டோபரில் ‘கவலை குறைந்த’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. முட்டையிடும் கடற்கரைகளைக் காவல் காத்ததும், முட்டைகளை எடுக்காமல் பொரிக்க விட்டதும், மீன்வலைகளில் சிக்கி இறப்பதைக் குறைத்ததும் முக்கியக் காரணங்கள். எல்லாக் கடற்கரைகளிலும் ஆமைகள் பெருகிவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. உலக அளவில் மொத்தக் கணக்கு மேம்பட்டிருக்கிறது.

இன்னும் கீழ்ப்படியிலேயே நிறுத்தக்கூடிய ஓர் உயிர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோல சிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்கள். ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னிப் பெண் பூச்சிகளை அழைக்கின்றன. இந்த மின்மினி இனம் ‘அழிவாய்ப்புள்ள’ பிரிவில் உள்ளது. அதன் புழுக்கள் ஆற்றங்கரைச் சேற்று மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே மரங்களை மட்டும் காப்பாற்றினால் போதாது. கரையோரச் செடிகளை வெட்டினாலும், நீரில் கழிவு கலந்தாலும், கரையில் பளிச்சென்ற விளக்குகளைப் போட்டாலும் மின்மினிகள் குறையும். ‘அழிவாய்ப்புள்ள’ என்பது மூன்று ஆபத்துப் படிகளில் முதலாவது. இந்தப் படியில் இருக்கும்போது செய்யும் வேலைக்குச் செலவும் குறைவு, பலனும் அதிகம்.

திருத்திப் பாருங்கள்

கீழே உள்ள நான்கு வாக்கியங்களிலும் பிழை இருக்கிறது. விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே திருத்துங்கள்.

அ. மலேசியப் புலி அழிந்துவிட்டது.
ஆ. பத்துமலைக் குரங்குகள் ஏராளமாக இருப்பதால் அவை அருகிய இனமாக இருக்க முடியாது.
இ. சுமத்ரா காண்டாமிருகம் உலகிலிருந்து அற்றுவிட்டது.
ஈ. சிலாங்கூர் குட்டிப் பறக்கும் அணிலுக்கு ஆபத்து இல்லை.

விடைகள்: புலி மிக அருகியது, அழிந்துவிடவில்லை. குரங்கு இனம் ஏராளமாகத் தெரிந்தாலும் வீழ்ச்சியின் வேகத்தால் அருகியது. காண்டாமிருகம் அற்றுவிட்டது மலேசியாவில். உலக அளவில் மிக அருகியது. அணிலைப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது.

இனி நாளேட்டிலோ தொலைக்காட்சியிலோ இப்படி ஒரு செய்தியைப் பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த இனம் அல்லது துணையினம்? உலகம் முழுவதுமா, ஒரு நாட்டில் மட்டுமா? எந்த ஆண்டின் மதிப்பீடு? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்தச் செய்தி எடை உள்ளது.

ஒரு சொல்லும் ஒரு சாலையும்

சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவதால் காட்டில் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். ரவாங் பக்கம் போய்ப் பார்த்தால் விடை தெரியும்.

சிலாங்கூரில் காஞ்சிங் வனக்காப்பகத்தில் ‘கியாம் காஞ்சிங்’ என்ற மரம் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. பட்டியலில் இது மிக அருகிய இனம். ரவாங் நகரின் நெரிசலைக் குறைக்கப் புறவழிச்சாலை திட்டமிட்டபோது அது இந்தக் காட்டு வழியே போக வேண்டியிருந்தது. வழக்கம்போல மண்ணை வெட்டி, மரங்களைச் சாய்த்துச் சாலை போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் காட்டை முடிந்தவரை குறைவாகத் தொடும்படி, உயரமான தூண்களின் மேல் சாலையை எழுப்பினார்கள். அதற்கான காரணங்களில் கியாம் காஞ்சிங் மரமும் ஒன்று. சாலை 2017இல் திறக்கப்பட்டது.

அந்த மரத்தை வெறுமனே ‘காட்டு மரம்’ என்று யாராவது எழுதியிருந்தால் பொறியாளர்களுக்கு அது ஒரு தடையாக மட்டுமே தெரிந்திருக்கும். தாவரவியலாளர்கள் போய்ப் பார்த்து, எண்ணி, இந்த ஓரிடத்தில் மட்டுமே வளர்வது, மிக அருகியது என்று எழுதி வைத்திருந்தார்கள். இன்று அந்தத் தூண்களின் மேல் வண்டிகள் விரைகின்றன. கீழே அந்த மரங்கள் நிற்கின்றன.